வீடு தர மறுக்கிறார்கள், இருக்கும் வீட்டையும் காலி செய்யச் சொல்கிறார்கள்

கேள்வி:

வணக்கம் அம்மா. பினாங்கு சுங்கை டுவாவில் ஒரு பிளாட்டில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். மாதம் 900 வெள்ளி. கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பிள்ளைகள் இருவர், பள்ளி போகிறார்கள். முதல் இரண்டு வருடத்துக்குத்தான் ஒப்பந்தம் போட்டோம். பிறகு புதுப்பிக்கவில்லை, வாடகையை மட்டும் மாதாமாதம் வீட்டுக்கார அம்மாவின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறோம். அவருக்கு வயதாகிவிட்டது, இப்போது மகன்தான் பேசுகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்யாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவேன், வீடு முழுக்கக் கறி வாடையும் விளக்குப் புகையும் பிடித்திருப்பதால் டெபாசிட் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். வேறு வீடு தேடினால், "இந்தியரா?" என்று கேட்டதோடு ஏஜெண்டுகள் காணாமல் போகிறார்கள். ஒருவர் மட்டும் 1,300 வெள்ளி வாடகையில் ஒரு கொண்டோ காட்டினார். இந்தியக் குடும்பம் என்றால் நான்கு மாத டெபாசிட் வேண்டுமாம். லண்டனில் இருக்கும் என் தம்பி, இனம் பார்த்து வீடு மறுப்பது சட்டப்படி தவறு என்கிறான். மாமனாரோ, பினாங்கில் வாடகைக்கு இருப்பவரை யாராலும் கிளப்ப முடியாது என்கிறார். யார் சொல்வது சரி? நான்கு மாதம் கொடுத்துவிடலாமா?

– வாசகி, சுங்கை டுவா

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன. புது வீடு தர மறுக்கிறார்களே, அதில் நம் நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. இருக்கும் வீட்டைவிட்டு விரட்டப் பார்க்கிறார்களே, அதில் சட்டம் உறுதியாக உங்கள் பக்கம் நிற்கிறது. என்னிடம் வரும் இந்தியக் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: நாலு இடத்தில் முகத்தில் அடித்ததுபோல் மறுத்தபின், ஐந்தாவதாக யாராவது சரி என்றால் போதும் என்று ஆகிவிடுகிறது. ஒப்பந்தம் கேட்பதில்லை, ரசீது கேட்பதில்லை, சொன்ன தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். காலி பண்ணு என்றால் வாய் பேசாமல் சாமான் கட்டுகிறார்கள். மறுப்பை நாம் தடுக்க முடியாமல் போகலாம். அந்தப் பயத்தில் கையில் இருக்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள்.

முதலில் உங்கள் தம்பி சொல்வது. அவர் ஊரில் அது சரி. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வீட்டு வாடகைக்கும் பொருந்தும். மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அது அரசாங்கத்தையும் அரசாங்க அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்த வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம், தனிநபர்களுக்கு இடையிலான தகராறில் அரசியலமைப்பு உரிமையை நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. அதனால் ஒரு தனி வீட்டுக்காரர் "இந்தியருக்குத் தர மாட்டேன்" என்றால், அதற்காக அவர்மீது வழக்குப் போட வழி கிடையாது. எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐநா உடன்படிக்கையிலும் மலேசியா சேரவில்லை. 2018இல் சேரப்போவதாகப் பேச்சு எழுந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் அரசாங்கம் பின்வாங்கியது. வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் வருகிறது, வருகிறது என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் என்று காட்ட இன்றுவரை ஒன்றும் இல்லை. அது வரும்போது இனத்தின் பெயரால் மறுப்பதைத் தடுக்கும் விதி அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதச் சம்பளமும் ஆறு வருட ஒழுங்கான வாடகைக் கணக்கும் உள்ள ஒரு குடும்பத்தை, பெயரைக் கேட்டதும் ஒதுக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

ஒரு விதிவிலக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டை வாடகைக்கு விடுவது மாநில அரசாங்கமோ மாநகர் மன்றமோ என்றால் 8ஆம் பிரிவு அங்கே பொருந்தும். பிபிஆர் போன்ற அரசாங்க வாடகை வீட்டுக்கு உங்கள் வருமானத்தில் தகுதி இருந்தால் மனுப் போட்டு வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இனி மாமனார். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. அவருடைய இளமைக்காலத்தில் பினாங்கில் அப்படித்தான் இருந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களில் வாடகையை ஏற்றவும் ஆளைக் கிளப்பவும் கடிவாளம் போட்டிருந்தது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் குடும்பங்கள் இருந்தது அதனால்தான். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாகி, அவகாசம் முடிந்து 2000 ஜனவரி 1 முதல் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின, நம் ஆட்களும் அதில் உண்டு. இப்போது வாடகையை இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற வரம்பும் கிடையாது, வீட்டைத் திருப்பிக் கேட்க வீட்டுக்காரர் தனிக் காரணம் காட்ட வேண்டியதும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக்கார அம்மா வீட்டைத் திரும்பக் கேட்கலாம்.

ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. மகன் அங்கேதான் தப்புப் பண்ணுகிறார்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீங்கள் வாடகை போட, அவர் அம்மா வாங்கிக்கொண்டே வந்ததால், உங்களுடையது மாதவாடகைக் குடியிருப்பு ஆகிவிட்டது. "ஒப்பந்தம் இல்லை, அதனால் உரிமை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதை முடிக்க வேண்டும் என்றால் குறைந்தது ஒரு முழு மாத நோட்டீஸ் தர வேண்டும். பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து நோட்டீஸ் பற்றிய பகுதியை வாசித்துப் பாருங்கள், அதில் இரண்டு மாதம் என்று இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். "மாதக் கடைசிக்குள்" என்று திடீரென்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது முறையான நோட்டீஸ் ஆகாது. அப்புறம், மகன் யார் சார்பில் பேசுகிறார்? வீடு அம்மாவின் பெயரில் என்றால், அம்மா கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சரி, முறையாக நோட்டீஸ் கொடுத்து அந்தக் காலமும் முடிந்துவிட்டது, நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் பூட்டை மாற்ற முடியாது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: வாடகைக் காலம் முடிந்தும் குடியிருப்பவர் வெளியேறாவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில் முயலக்கூடாது. ஆள் அனுப்பிச் சாமானை வெளியே வைப்பது, கதவில் சங்கிலி போடுவது, கொண்டோ நிர்வாகத்திடம் சொல்லி நுழைவு அட்டையை முடக்குவது, மின்சாரத்தைத் துண்டித்துத் தானாக ஓட வைப்பது, இவை எதற்கும் சட்டத்தில் இடமில்லை. "வாடகை ஏழு நாள் தாமதமானால் வீட்டுக்காரர் உள்ளே புகுந்து பூட்டலாம்" என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டி யாராவது மிரட்டினால் பயந்து சாவியைக் கொடுத்துவிடாமல், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இந்தப் பாதுகாப்பை அளவோடு பயன்படுத்துங்கள். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவுப்படி, நோட்டீஸ் காலம் முடிந்தும் தங்கினால் வீட்டுக்காரர் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். உங்களுக்கு அது மாதம் 1,800 வெள்ளி. அதனால் பிடிவாதம் பிடித்து உட்கார்ந்திருங்கள் என்று நான் சொல்லவில்லை, வீடு தேட நியாயமான அவகாசம் வாங்குங்கள் என்கிறேன். வீட்டுக்காரருக்கும் இதனால் லாபம் உண்டு. வழக்குப் போட்டால் அவருக்கும் மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் ஆகும். அதனால் இரண்டு மாத அவகாசத்துக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சம்மதித்தால் தேதியையும் டெபாசிட் திரும்பும் நாளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகையை மட்டும் ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். எந்தக் கணக்கில் போட்டீர்களோ அதே கணக்கில் தொடர்ந்து போடுங்கள். "எப்படியும் டெபாசிட் தரப்போவதில்லை, கடைசி இரண்டு மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளட்டும்" என்று பலர் செய்கிறார்கள். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதைத் தடுக்கும். மேலும், பாக்கி விழுந்துவிட்டால் 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணை வாங்கி, நீதிமன்ற ஊழியரான பெய்லிஃபைக் கொண்டு உங்கள் வீட்டுச் சாமான்களைக் கைப்பற்ற அவருக்கு வழி திறந்துவிடும். பன்னிரண்டு மாதப் பாக்கி வரை அப்படி வசூலிக்கலாம். இப்போது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர், மின்சாரக் கட்டணமும் அப்படியே.

டெபாசிட் விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். வழக்கமான கணக்கில் இரண்டு மாத டெபாசிட்டும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமும் கொடுத்திருந்தால் உங்கள் பணம் 2,250 வெள்ளி அங்கே இருக்கும். கறி வாடைக்காக அதை முழுசாக விழுங்கிவிட முடியாது. சமைப்பதும் சாமி கும்பிடுவதும் ஒரு வீட்டில் குடியிருப்பதன் பகுதி. ஆறு வருடம் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் சுவர் மங்கியிருக்கும், அடுப்புக்குப் பின்னால் ஓடு மஞ்சளாகியிருக்கும், குளியலறை மூலையில் கறுப்புப் பிடித்திருக்கும். இதெல்லாம் இயல்பான தேய்மானம், குடியிருந்தவரின் தலையில் கட்ட முடியாது. உடைந்த ஜன்னல், பெயர்ந்த கதவு, வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த அலமாரி காணாமல் போனது, இதற்கெல்லாம் பிடிக்கலாம். விளக்கு மாடத்துக்கு மேலே கூரையில் கரி அழுத்தமாகப் படிந்திருந்தால், உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்துக்குச் சாயம் பூசும் செலவை அவர் கேட்க இடமிருக்கிறது. நீங்களே ஒரு டின் வெள்ளைச் சாயம் வாங்கிப் பூசிவிட்டு ரசீதை வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சே எழாது. ஆணி அடித்த ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். "டெபாசிட் பறிமுதல்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாலும், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் எடுக்க விடாது.

காலி செய்யும் நாளில் சாமானெல்லாம் போனபின் அறை அறையாக வீடியோ எடுங்கள். மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களும் அதில் தெரியட்டும். மகனை வரச் சொல்லி, சேர்ந்தே சுற்றிப் பார்த்து, குறை இருந்தால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் வர மறுத்தால், கூப்பிட்டதற்கான செய்தியாவது உங்களிடம் இருக்கட்டும். சாவி கொடுத்ததை எழுத்தில் பதிவு செய்யாமல் வராதீர்கள். அப்புறம் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து ஒரு கோரிக்கைக் கடிதம். பணம் வரவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. 5,000 வெள்ளிக்குள் உள்ள தொகைக்கு 198ஆம் பாரத்தை நிரப்பி நீங்களே போடலாம், வக்கீல் தேவையில்லை. வங்கிக் கணக்குப் பட்டியல், வீடியோ, வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப் பிரதி, பழைய ஒப்பந்தம் இவற்றை நாள்வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. தாமதத்துக்கான அபராதத்தோடு இப்போதுகூடக் கட்டலாம்.

நான்கு மாத டெபாசிட்டுக்கு என் பதில்: கொடுக்காதீர்கள். இவ்வளவுதான் வாங்கலாம் என்ற உச்சவரம்பு சட்டத்தில் இல்லை, அதனால் அவர் கேட்பது குற்றம் அல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள். வழக்கமான முறையில் அந்த கொண்டோவுக்கு இரண்டு மாதம் 2,600, அரை மாதம் 650, முதல் மாத வாடகை 1,300, மொத்தம் 4,550 வெள்ளி. நான்கு மாதம் என்றால் 7,150. அதைவிட முக்கியமாக, நான்கு மாத டெபாசிட் மட்டுமே 5,200 வெள்ளி ஆகிறது. நாளைக்கு அவர் திருப்பித் தராவிட்டால் சிறு கோரிக்கை வழக்கின் 5,000 வெள்ளி வரம்பைத் தாண்டிவிடும். மிச்சத்தை விட்டுக்கொடுத்தால்தான் அந்த எளிய வழியில் போக முடியும். அதற்குப் பதிலாக உங்கள் நம்பகத்தைக் காகிதத்தில் காட்டுங்கள்: கணவரின் முதலாளி தரும் வேலை உறுதிக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு வருடம் தவறாமல் வாடகை போன வங்கிக் கணக்கு. முடிந்தால் பழைய வீட்டுக்கார அம்மாவிடமே இரண்டு வரி நற்சான்று. மகனோடு மனத்தாங்கல் இருந்தாலும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், ஆறு வருடம் வாடகை வாங்கியவருக்கு உங்கள் அருமை தெரிந்திருக்கும். இந்தக் காகிதங்களையெல்லாம் மற்றவர்களிடம் கேட்காமல் நம்மிடம் மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம்தான். ஆனால் இன்றைக்கு உங்களுக்கு ஒரு வீடு வேண்டும். அதற்கு இது பல இடங்களில் வேலை செய்கிறது.

அந்த ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்தில் பதிவான நிறுவனங்களும் அவற்றில் பணிபுரிபவர்களும்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். அப்படிப் பணிபுரிபவர்களுக்கு 'ஆர்இஎன்' எண் உண்டு, வாரியத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். "இந்தியரா?" என்று கேட்ட உரையாடல்களை அழிக்காதீர்கள், திரைப்பிரதி எடுத்து வையுங்கள். இனத்தைக் காட்டி வீட்டை மறுத்த வீட்டுக்காரரை வாரியம் ஒன்றும் செய்யாது. ஆனால் தன் உறுப்பினரின் நடத்தை பற்றி எழுத்துமூலப் புகார் வாங்கும். விளம்பரத்திலேயே "இந்தியர் வேண்டாம்" என்று போட்டிருந்தால் அந்த இணையதளத்துக்கும் புகார் அனுப்புங்கள். பெயரை மாற்றிச் சொல்லவோ, வேறு இன நண்பரை முன்னிறுத்தி ஒப்பந்தம் போடவோ வேண்டாம். அவர் பெயரில் ஒப்பந்தம் இருந்தால் டெபாசிட்டும் உரிமையும் அவருடையதாகிவிடும், உங்களுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

வீடு அமைந்தால், பணம் போடும் முன் வீட்டுக்காரரின் பெயரில் உள்ள மாநகர் மன்றத்தின் வீட்டு வரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பணத்தை வீட்டுக்காரர் கணக்கிலோ நிறுவனத்தின் கணக்கிலோ போடுங்கள், ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் வேண்டவே வேண்டாம். ஒப்பந்தத்தில் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், நோட்டீஸ் எத்தனை மாதம், வீட்டுக்காரர் உள்ளே வர எவ்வளவு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் எழுதியிருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை 30 நாளுக்குள் கட்ட வேண்டும். ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 1 வெள்ளி, அதற்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. 1,300 வெள்ளி வீட்டுக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால் 189 வெள்ளி ஆகும். அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மகனுக்குச் சுருக்கமாக, மரியாதையாகப் பதில் அனுப்புங்கள். வாடகை தவறாமல் கட்டப்படுகிறது, முறையான எழுத்து நோட்டீஸ் வேண்டும், நீதிமன்ற ஆணையில்லாமல் வெளியேற்றுவதைக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு தடுக்கிறது, இரண்டு மாதத்தில் ஒப்படைக்கத் தயார். இவ்வளவு போதும். பூட்டு மிரட்டல் தொடர்ந்தால் போலீஸில் புகார் செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இது சிவில் விவகாரம் என்று அவர்கள் சொல்வார்கள், பரவாயில்லை, பின்னால் நீதிமன்றத்தில் அந்தப் பதிவு பயன்படும். வக்கீல் செலவு கட்டுப்படியாகாவிட்டால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். டெபாசிட் தகராறில் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஒருவேளை மீறிப் பூட்டை மாற்றிவிட்டார் என்றால், கதவைப் படமெடுத்துக்கொண்டு அன்றே ஒரு வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்துக்கோ போங்கள். உங்களைத் திரும்ப உள்ளே விடச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்க குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வழி தருகிறது. உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம் என்று காத்திருந்தால், நீங்களாகவே காலி செய்துவிட்டுப் போனீர்கள் என்று சொல்ல அவருக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.